மின் ஸ்கூட்டரா, பஸ்ஸும் மெட்ரோவுமா: சென்னைக் காற்றுக்கு எது உதவும்?

முகப்பேரிலிருந்து கிண்டி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பழைய பெட்ரோல் ஸ்கூட்டியை விற்றபோது அடுத்து என்ன என்பதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, மின் ஸ்கூட்டர். இன்னொன்று, திருமங்கலம் வரை பஸ், அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு மெட்ரோ. பையனுக்கு வீசிங் இருப்பதால் ஊர்ப் புகையில் நம் பங்கைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த வழி நிஜமாகவே குறைக்கும் என்பதில்தான் பேச்சு நீண்டது. கடைசியில் பஸ்ஸையும் மெட்ரோவையும் தேர்ந்தெடுத்தேன்.

செலவை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல மின் ஸ்கூட்டர் வாங்க லட்சம் ரூபாயாவது வேண்டும். ஓட்டும் செலவு பெட்ரோலைவிட மிகக் குறைவு. 2021 மே மாதத்திலிருந்து ஒயிட் போர்டு போட்ட சாதாரண கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50.

மின் ஸ்கூட்டருக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். அதில் புகைக்குழாயே இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து இழுத்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால், பிரேக் தேய்ந்து கிளம்பும் தூளும் குறைவு. என் தம்பி ஒன்று வைத்திருக்கிறான், நானும் ஓட்டியிருக்கிறேன், சுகமான வண்டி. ஆனால் அவனுடையது புதுசு. நாலைந்து வருஷம் கழித்து பேட்டரி எப்படி நிற்கும், விற்றால் என்ன விலை போகும் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. அப்புறம், அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் சார்ஜ் போட உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு வயர் இழுக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்றாலை, சூரிய ஒளி எல்லாம் நம் மாநிலத்தில் நிறைய இருந்தாலும், நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிது. வட சென்னை அனல் மின் நிலையம் அத்திப்பட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம். எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் புகையையும் சாம்பலையும் பல வருஷமாகச் சுமக்கிறார்கள். முகப்பேரில் நான் விடாத புகையில் ஒரு பகுதி அவர்கள் தலையில் இறங்குகிறது. மெட்ரோவும் அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் போகிறோம், தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் என் பங்கு சின்னது.

இதெல்லாம் இருந்தும், என் முடிவைத் தீர்மானித்தது சாலையில் பிடிக்கும் இடம். நூறடி ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு காசி தியேட்டர் சிக்னலில் நின்றிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் உரச டூவீலர்கள் நிற்கும். பின்னால் தண்ணீர் லாரி, கம்பெனி பஸ், வேன், எல்லாம் எஞ்சினை அணைக்காமல் டீசலை எரித்துக்கொண்டிருக்கும். பச்சை விழுந்ததும் ஒரே உறுமலில் கிளம்பி, ஐம்பது அடி நகர்ந்து மறுபடி நிற்கும். இப்படி நின்று நின்று கிளம்பும்போதுதான் ஒரு கிலோமீட்டருக்கு டீசல் அதிகம் எரிகிறது, புகையும் கூடுகிறது. மீடியன் ஓரம் ஒதுங்கிக் கிடக்கும் மண்ணை ஒவ்வொரு டயரும் கிளப்பிவிடும். வடபழனியில் ஆற்காடு ரோட்டு மெட்ரோ வேலை நடந்த நாட்களில் கேட்கவே வேண்டாம். என் ஸ்கூட்டர் மின்சாரத்தில் ஓடினாலும் அந்த வரிசையில் அதே இடத்தைத்தான் பிடிக்கும், அதே மண்ணைத்தான் கிளப்பும். பின்னால் நிற்கும் லாரி அதே நேரம்தான் காத்திருக்கும்.

பஸ்ஸும் அந்த நெரிசலில்தான் மாட்டுகிறது. பஸ் தாமதமாகிறது என்று ஒருவர் வண்டி வாங்குகிறார், அந்த வண்டியால் பஸ் இன்னும் தாமதமாகிறது, அதைப் பார்த்து இன்னொருவர் வாங்குகிறார். சென்னையில் பதிவாகும் வண்டிகளில் பெரும்பாலானவை டூவீலர்கள்தான். அத்தனையும் நாளைக்கே மின்சாரத்துக்கு மாறினாலும் இந்தச் சுழல் நிற்காது. ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறினால்தான் சாலையில் இடம் விடும். அந்த பஸ் டீசலில் ஓடினாலும் இந்தக் கணக்கு மாறாது என்பது என் கருத்து. 2025 ஜூனில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்களை விட்டார்கள். அந்த மாதிரி பஸ் என்றால் இரட்டை லாபம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு கோடிப் பேர் புழங்கும் ஊருக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள். வீட்டிலிருந்து திருமங்கலம் போகும் அந்தச் சின்ன தூரம்தான் என் பயணத்திலேயே சிரமம். சில நாள் பஸ் உடனே வரும். சில நாள் வரிசையாக மூன்று வந்துவிட்டு, அப்புறம் ஆளையே காணோம். மழை நாளில் ஷேர் ஆட்டோதான். மெட்ரோவுக்குள் போய்விட்டால் கவலை இல்லை, நேரத்துக்கு இறங்கிவிடலாம்.

என் வீடும் வேலையும் ஒரே மெட்ரோ பாதையை ஒட்டி அமைந்தது அதிர்ஷ்டம். இரண்டாம் கட்டப் பாதைக்காகக் காத்திருக்கும் மாதவரம், சோழிங்கநல்லூர்க்காரர்களுக்கு இதே யோசனையை நான் சொல்ல மாட்டேன். இரவு ஷிப்டு முடித்துத் திரும்புபவர்கள், டெலிவரி வேலை செய்பவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுபவர்கள் மின் ஸ்கூட்டரே வாங்கட்டும். பெட்ரோல் வண்டிக்கு அது எவ்வளவோ மேல். மற்றவர்கள் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் 1,000 ரூபாய் பஸ் பாஸ் ஒன்று எடுத்து ஒரு மாதம் போய்ப் பாருங்கள். பாஸ் முடிந்த பிறகும் ஷோரூம் அங்கேயேதான் இருக்கும்.