கிராம சபையா, டெண்டர் தளமா, எம்-புக்கா? ஊரணிக் கணக்கைப் பார்க்க எது உதவும்

செட்டிநாட்டில் ஊரணி இல்லாத ஊர் அபூர்வம். உள்ளாட்சிப் பணத்தில் சரிபார்க்கக் கடினமான வேலையும் ஊரணி தூர்வாருவதுதான். சிமென்ட் சாலை போட்டால் அது கண்முன் கிடக்கும். எடுத்த மண்ணின் கணக்கையோ ஐப்பசியில் தண்ணீர் வந்து மூடிவிடும். இந்தச் செலவைப் பார்க்க மூன்று வழி இருக்கிறது: கிராம சபையில் கேட்பது, மாநில அரசின் இணைய டெண்டர் தளத்தில் தேடுவது, தகவல் உரிமைச் சட்டப்படி அலுவலகம் போய் ஆவணத்தை, குறிப்பாக வேலையின் அளவை எழுதும் எம்-புக்கை, நேரில் ஆய்வு செய்வது. நாங்கள் நிற்பது மூன்றாவது பக்கம். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கிராம சபை பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு வாசிப்பார்கள். 'ஊரணி தூர்வாரியது' என்று ஒரு வரியும் ஒரு தொகையும் காதில் விழும், அவ்வளவுதான். கேள்வியைத் தீர்மானமாக எழுதவைத்து, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வருகைக் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு நிரப்பும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்த ஊராட்சிகளில், கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல ஆள் கிடைப்பதும் சிரமம். பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற பேரூராட்சிக்காரர்களுக்குக் கிராம சபையே கிடையாது.

டெண்டர் தளம் இதைவிட மேல். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் ஒழுங்கைச் சொல்கின்றன: 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரவேண்டும். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். தேதி, திருத்த அறிவிப்பு, யார் யார் எவ்வளவு கேட்டார்கள் என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் சின்னப் பணிகள் பல அங்கே வருவதில்லை. ஒரே ஊரணியைக் 'கரை பலப்படுத்துதல்', 'வரத்துக்கால் சீரமைப்பு', 'தூர்வாருதல்' என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சின்னப் பணிதான். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் ஏற்றியிருப்பதால் தேடலில் சிக்காமலும் போகும். அங்கே கிடைக்கும் அளவுப் பட்டியலை மட்டும் விடாமல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கன மீட்டர் மண் எடுப்பதாகத் திட்டம் என்பது அதில் இருக்கும்.

முதல் வழி மொத்தத் தொகையைச் சொல்கிறது. இரண்டாவது, கொடுப்பதாக ஒப்புக்கொண்டதைச் சொல்கிறது. செய்து முடித்ததாக எழுதி எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பது எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது. நீளம், அகலம், ஆழம், கன அளவு என்று ஓவர்சியரோ பொறியாளரோ கையால் எழுதி, மேலே இருப்பவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பக்கம் அது.

ஓர் உதாரணம். மேல்விளிம்பில் 60 மீட்டருக்கு 40 மீட்டர் உள்ள ஊரணி. 0.6 மீட்டர் ஆழம் வெட்டியதாகக் கணக்கு. 60 × 40 × 0.6 என்று போட்டால் 1,440 கன மீட்டர். ஆனால் செம்பறாங்கல் படிக்கட்டும் சரிவும் போக அடித்தளம் 48 × 28தான் இருக்கிறது என்றால், உண்மையில் எடுத்தது 806 கன மீட்டர். இடைவெளி 634. மூன்று யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) டிப்பரில் ஏறத்தாழ 75 நடை. வெட்டிய மண் உதிர்ந்து பெருகுவதால் வண்டி நடையை வைத்து எண்ணினால் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி மறைந்துவிடும். அடித்தளத்தில் டேப் பிடித்தால் மறையாது.

ஆழத்துக்குத் தனியாக லெவல் புத்தகம் கேட்க வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும் 5 அல்லது 10 மீட்டர் கட்டமாக எடுத்த மட்டங்கள் அதில் இருக்க வேண்டும். எந்த நிலையான கல்லை அடிப்படையாக வைத்து எடுத்தார்கள் (படித்துறையின் மேற்கல், கோயில் மதிலின் அடிக்கல்) என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்த எண்களை யாராலும் திரும்பச் சரிபார்க்க முடியாது. வேலைக்கு முந்தைய மட்டமே எடுக்கவில்லை என்றால் ஆழம் என்று எழுதியிருப்பது வெறும் உத்தேசம். தேதிகளையும் பாருங்கள்: பணி உத்தரவுக்கு முந்தைய அளவீடு, ஊரணி நிரம்பியிருந்த கார்த்திகையில் அளவீடு, சுருக்கொப்பம் இல்லாத அடித்தல் திருத்தல்.

மனுவில் 'ஏன்' என்று கேட்காதீர்கள். அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். பணியின் பெயர், ஆண்டு, அதற்குரிய மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தம், பணி உத்தரவு, அளவுப் புத்தகம், லெவல் புத்தகம், பட்டியல் (பணம் கொடுப்பதற்கான பில்) என்று வரிசையாகக் குறிப்பிட்டு, 'பிரிவு 2(ஜே)-ன்படி நேரில் ஆய்வு செய்து, குறிக்கும் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் பெற' என்று எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆய்வுக்கு முதல் ஒரு மணி நேரம் இலவசம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றவேண்டும். உடன் ஒருவரை அழைத்துவர மனுவிலேயே அனுமதி கேளுங்கள். ஓய்வுபெற்ற ஓவர்சியர் யாராவது வந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த வழியின் பெரிய குறை காலம்தான். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு 30 முதல் 45 நாள். கோடையில் நடந்த பணிக்கு ஆனி முடிவதற்குள் மனு போட்டால், இழுத்தடித்தாலும் புரட்டாசி நடுவில் புத்தகம் கைக்கு வரும், தரையும் காய்ந்திருக்கும். ஆவணி தாண்டிப் போட்டால் புத்தகம் வரும்போது ஊரணியில் தண்ணீர் நிற்கும். தகவல் ஆணையம் வரை போனால் அந்த ஆண்டு அளப்பது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாலை, பேவர் பிளாக் வேலைக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை. அவற்றில் பயன்படுத்திய பொருளின் மாதிரி எடுக்கவும் அதே பிரிவு 2(ஜே)-ல் உரிமை உண்டு. அதில் எங்களுக்குப் பழக்கம் குறைவு என்பதால் இதுதான் முறை என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

ஆய்வில் கடைசியாகப் பார்க்க வேண்டியது பட்டியலின் தலைப்பு. 'முதல் பகுதிப் பட்டியல்' என்று மட்டும் இருந்தால் மீதிப் பணம் இன்னும் போகவில்லை. சான்றிட்ட பக்கத்தையும் உங்கள் டேப் அளவையும் ஒன்றாக இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மறு அளவீடு முடியும்வரை இறுதிப் பட்டியலை நிறுத்திவைக்கக் கேளுங்கள். நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். இறுதிப் பட்டியல் போய்விட்டால் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு எழுதலாம், ஆனால் கொடுத்த பணத்தை வசூலிப்பது கொடுக்காமல் நிறுத்துவதைவிடப் பல மடங்கு நீளும்.