ஃபெரோமோன் ரோல்-ஆன் வாங்கப் போகிறீர்களா? மேல் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

ஆன்லைனில் ஃபெரோமோன் சென்ட், ஃபெரோமோன் எண்ணெய் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஃபெரோமோன் என்பது ஓர் உயிரினம் தன் இனத்துக்கே சேதி சொல்ல உடம்பிலிருந்து வெளியிடும் வேதிப்பொருள், அது சேர்த்திருப்பதால் மற்றவர்களை ஈர்க்கும் என்று சொல்லித்தான் இவற்றை விற்கிறார்கள். காலாவதியான சரக்கை ஒரு விற்பனையாளர் என் தலையில் கட்டிவிட்டார். கேட்டதற்கு, நான்தான் அதைச் சரியாக வைக்கவில்லை என்று பழியையும் என் மேலேயே போட்டார். எனக்கு அதிகம் வலித்தது இந்த இரண்டாவதுதான்.

நான் வாங்கியது எண்ணெயில் கலந்த ரோல்-ஆன். "ஆல்கஹால் இல்லை, அதனால் கெடவே கெடாது" என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்த குப்பியில் இருந்ததோ, படத்தில் பார்த்த வெளிர் மஞ்சள் இல்லை, நல்ல பழுப்பு. வனிலா வாசனை தரும் வனிலின் சேர்த்த சென்ட் நாளாக ஆகப் பழுப்பாவது சாதாரணம்தான் என்று எனக்குத் தெரியும், அதனால் நிறத்தை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

மணிக்கட்டில் தடவினேன். எலுமிச்சை வாசனை தூக்கலாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள், அது துளியும் இல்லை, பழைய எண்ணெயின் சிக்கு வாடைதான் வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா இது, மூத்திர வாடை அடிக்குது" என்றாள். எவ்வளவு மோந்தும் எனக்கு அந்த வாடை தெரியவே இல்லை. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், இந்த மாதிரிப் பொருள்களில் சேர்க்கும் ஆண்ட்ரோஸ்டீனோன் என்பது ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கும் ஒரு ஸ்டீராய்டு. சிலருக்கு அது மூத்திரம் போலவோ வேர்வை போலவோ நாறும், சிலருக்கு இனிமையாகக்கூட இருக்கும், சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது, பிறவியிலேயே அப்படி. அதை மூடி மறைக்கத்தான் மேலே ஒரு நறுமணம் சேர்க்கிறார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரியான மேல்வாசனைதான் முதலில் கெடும், முதலில் பறந்தும் போகும். மிஞ்சுவது அடியில் இருக்கும் கனமான வாடை. போட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெரியாமல் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் நாறும் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. வாங்கினால் முதலில் வேறு இரண்டு பேரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

இரண்டாம் நாள் மணிக்கட்டு சிவந்து, தடித்து, ஒரே அரிப்பு. பெட்டியில் லிமோனீன், லினலூல் என்ற இரண்டு வாசனைப் பொருள்களின் பெயரும் இருந்தன. புதிதாக இருக்கும்போது இவை பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிட்டால் உண்டாகும் பொருள்கள்தான் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புபவை. அதாவது பழைய சென்ட் என்றால் வாசனை குறையும், அவ்வளவுதானே என்று இருந்துவிட முடியாது.

சந்தேகம் வந்து குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். தேதி இருந்த இடத்தில் மட்டும் ஸ்டிக்கர் தடிமனாக இருந்தது. நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் வேறொரு லேபிள், வேறொரு பேட்ச் எண், நான் ஆர்டர் போடுவதற்கு முன்பே முடிந்துபோன தேதி.

படம் எடுத்து அனுப்பினேன். "குளியலறையில் வைத்திருப்பீர்கள் சார், அதனால் கெட்டிருக்கும்" என்று பதில் வந்தது. பெட்டியோடு அலமாரிக்குள்தான் வைத்திருந்தேன், அதுவும் மூன்றே மூன்று நாள். அதைச் சொன்னதும், ஃபெரோமோன் ஸ்டீராய்டு வகை, அதற்குக் காலாவதியே கிடையாது என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த மூலக்கூறு ஓரளவு உறுதியானதுதான், ஆனால் குப்பியில் இருப்பது அது மட்டுமா? பாதாம் எண்ணெய் மாதிரியானவை காற்றுபட்டால் சிக்குப் பிடிக்கும். ஹோஹோபா உண்மையில் ஒரு திரவ மெழுகு, அது நெடுநாள் தாங்கும். என்ன எண்ணெய் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். "இயற்கை எண்ணெய்" என்றார்கள், அடுத்த கேள்விக்கு என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதன்முதலில் வேதியியல் ரீதியாக அடையாளம் கண்ட ஃபெரோமோன், 1959இல் பட்டுப்பூச்சியில் கண்டுபிடித்த பாம்பிகால். மனிதர்களிடம் இதுதான் ஃபெரோமோன் என்று இன்றுவரை எந்த மூலக்கூறும் நிரூபிக்கப்படவில்லை. இது தெரிந்தும் ஆசையில் வாங்கினேன், நீங்களாவது யோசித்து வாங்குங்கள்.

அப்படியும் வாங்குவதாக இருந்தால், திறந்த டப்பா படத்துக்குள் 12எம், 24எம் என்று இருக்கிறதா பாருங்கள், திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அது. திறந்த அன்றே குப்பியில் தேதி எழுதிவிடுங்கள். வெயில், சூடு, காற்று மூன்றும்தான் எதிரி. குளியலறை வேண்டாம், ஜன்னலோரம் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே வேண்டாம். பிரான்ஸின் வெர்சாயில் இருக்கும் ஆஸ்மோதெக் என்ற வாசனைத் திரவியக் காப்பகத்தில் பழைய சென்ட்டுகளை இருட்டில், 12 டிகிரி குளிரில், காற்றுக்குப் பதிலாக எதனோடும் எளிதில் சேராத ஆர்கான் வாயு நிரப்பி வைக்கிறார்கள். வீட்டில் அவ்வளவு தேவையில்லை, பெட்டியோடு ஓர் இருட்டு அலமாரி போதும். ரோல்-ஆன் உருளை தோலில் உருளும்போது நம் உடம்பு எண்ணெயும் வேர்வையும் குப்பிக்குள் போகும், அதனால் ஸ்ப்ரேயைவிட அது சீக்கிரம் கெட வாய்ப்பு உண்டு. பழையதின் மேல் புதியதை ஊற்றிக் கலக்காதீர்கள். சிறிய குப்பி கிடைத்தால் அதையே வாங்குங்கள், பாதி காலியான பெரிய குப்பிக்குள் முழுக்கக் காற்றுதான்.

குப்பியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. இரண்டு லேபிள்களின் படங்களையும் விற்பனையாளரின் பதில்களையும் சேர்த்து, கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். பணம் திரும்பி வந்ததா இல்லையா என்பதைப் பதில் கிடைத்ததும் இதிலேயே சேர்க்கிறேன்.