ஈரச் சுவருக்குப் பட்டி பார்க்க வந்தவர்கள்

வெள்ளம் புகுந்த வீட்டைச் சீராக்கித் தருவதாகச் சென்னையில் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் பெயின்ட் அடிப்பவர்கள்தான். சுவரை உலரவைத்துத் தருகிறேன் என்று ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. அந்த ஆற்றாமைதான் இதை எழுத வைக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், வேளச்சேரியில் அம்மா இருக்கும் வீட்டின் தரைத்தளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. 2015 வெள்ளத்தையும் பார்த்த வீடு அது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தன் பழைய பரப்பில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்ட பிறகு, இந்தப் பக்கத்து மழைநீருக்குப் போக்கிடம் ஏது? 2022இல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. ஆனால் தூர்த்துக் கட்டிய இடம் கட்டியதுதான்.

நான் டொராண்டோவிலிருந்து போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்து, சேறு கழுவி, சம்ப் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு முடித்திருந்தார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு மேலேயும் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. கூடத்தில் எமல்ஷன் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது.

ஒப்பந்தக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அது எனக்கு மகிழ்ச்சியான வியப்பு. சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். "சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, பிரைமர், டேம்ப் புரூஃப், இரண்டு கோட் எமல்ஷன். பொங்கலுக்குள் முடித்துவிடலாம் சார்" என்றார். பாதிப் பணம் முன்பணம். ரசீது வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடுதல்.

சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறதே என்று கேட்டேன். "மேலே காய்ந்துவிட்டது சார், உள்ளே இருப்பது தானாகப் போய்விடும்" என்றார். எங்கே போகும்? வெளிப்பக்கம் சிமென்ட் பூச்சும் பெயின்டும், உள்பக்கம் பட்டியும் பிளாஸ்டிக் பெயின்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் குடித்த தண்ணீர் இரண்டு பக்கமும் அடைபட்டால், உப்பையும் இழுத்துக்கொண்டு அடுத்த கோடைக்குள் பெயின்டைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும்.

பேசிப் பயனில்லை என்று, கெட்டியான பாலித்தீன் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மறுநாள் வரச் சொன்னேன். காலையில் தாளின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். அவரை அருகில் நிறுத்திக் காட்டினேன். "ஏசி போட்டிருப்பீர்கள் சார்" என்றார். அந்தக் கூடத்தில் ஏசி கிடையாது. இருந்திருந்தாலும் ஓடியிருக்காது, தண்ணீர் புகுந்த சுவிட்ச் பெட்டிகளை எலக்ட்ரீஷியன் அப்போதுதான் கழற்றிக்கொண்டிருந்தார். துளி வந்தது சுவரிலிருந்துதான் என்று நானும், காற்றிலிருந்துதான் என்று அவரும் மதியம் வரை நின்று வாதாடினோம். "ஊரே இப்படித்தான் செய்கிறது, அவரிடம் ஏன் சண்டை போடுகிறாய்?" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஊரே இப்படிச் செய்வதால்தான் ஊரெங்கும் சுவர்கள் பொரிந்து கிடக்கின்றன, அம்மா!

2013 ஜூலை 8 அன்று டொராண்டோ விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது. அன்று எங்கள் வீட்டு நிலவறையிலும் தண்ணீர் ஏறியது. அங்கே வந்தவர்கள் பெயின்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மரச்சட்டத்தின் மேல் சுவராக அடித்திருந்த ஜிப்சம் பலகையை அடியிலிருந்து வெட்டி எடுத்தார்கள். பெரிய மின்விசிறிகளையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களையும் ஓடவிட்டார்கள். வந்து வந்து மரச்சட்டத்தில் ஈரமானியைக் குத்தி அளவைக் குறித்துக்கொண்டார்கள். அளவு இறங்கிய பிறகுதான் புதுப் பலகை. உலர்த்துவதே அங்கே தனி வேலை, அதற்கே தனி விலை. காப்பீடு இருந்ததால் கட்டுப்படியானது. ஜிப்சம் பலகையை வெட்டி எறிவதுபோல் செங்கல் சுவரை எறிய முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே இன்னும் அதிகப் பொறுமை தேவைப்படுகிறது.

அந்தப் பொறுமை நம் ஊரில் இருந்ததுதான். பொங்கலுக்கு முன்பு கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, நீலம் கலந்து, நார் மட்டையால் அப்பா அடித்த வெள்ளையை நினைத்துக்கொண்டேன். சட்டையில் ஒட்டும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். ஆனால் சுண்ணாம்பு சுவரின் ஈரத்தை வெளியே விடும். அந்த வீட்டில் கொப்புளம் கண்ட நினைவு எனக்கு இல்லை. இன்று வழவழவென்று கழுவித் துடைக்கும் சுவர் வேண்டும் எல்லோருக்கும்.

ஒப்பந்தக்காரரோடு வந்திருந்த வயதான கொத்தனார் அதுவரை வாய் திறக்கவில்லை. கரண்டியின் பிடியால் சுவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். கோட்டுக்கு மேல் ஒரு முழம் வரை பொக்கென்றே ஒலித்தது. முதலாளி போன் பேச வெளியே போனதும், "பூச்சு விட்டுவிட்டது தம்பி. கொத்தி எடுத்துவிட்டு வெயிலுக்கு விடுங்கள்" என்றார் மெல்ல. முன்பணம் தரமாட்டேன் என்று ஒப்பந்தக்காரரை அன்றே அனுப்பிவிட்டேன்.

பூச்சை ஒரு முழம் மேலே வரை கொத்தி எடுத்தோம். உப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கினோம். கழுவவில்லை, கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளேதான் போகும். பொங்கலன்று கூடம் செங்கல் தெரியத்தான் நின்றது. அம்மாவுக்கு அது பெரிய வருத்தம். உறவினர் யாரையும் கூடத்தில் உட்காரவிடவில்லை. எனக்கும் மனம் கேட்கவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

கத்திரி வெயிலில் அதே கொத்தனாரை வைத்து, முதலில் பாலித்தீன் தாளை ஒட்டிப் பார்த்து, துளி இல்லை என்று அம்மா வீடியோவில் காட்டிய பிறகு பூச்சு வேலை நடந்தது. வெள்ளத்துக்கும் சேர்த்துக் காப்பு தரும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. எங்கள் தெருவில் விசாரித்தவரை அப்படி ஒன்று இருப்பதையே யாரும் அறிந்திருக்கவில்லை. அம்மாவின் வீட்டுக்கு எடுத்துவிட்டேன். எமல்ஷன் இன்னும் அடிக்கவில்லை. கூடத்துக்குச் சுண்ணாம்பே போதும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.