பழைய படகு வாங்கப் போகிறீர்களா? டேங்க் காலியாக இருந்தால் உஷார்

மிச்சிகனில் செயின்ட் கிளேர் ஏரிப் பக்கம் பழைய மோட்டார் படகு தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். நான் வாங்கியது 1998-ஆம் வருடத்து 24 அடிப் படகு. இன்ஜின் உள்ளேயே இருக்கும், பெட்ரோலில் ஓடும். விற்றவர் தேனொழுகப் பேசினார். தன் சொந்தப் படகு, மனசே இல்லாமல் விற்கிறேன் என்றார்.

பார்க்கப் போனபோது இன்ஜின் மூடி திறந்தே கிடந்தது. இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறி, அதாவது புளோயர், ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எலுமிச்சை வாசனை வேறு. பெட்ரோல் முள் காலிக்குச் சற்று மேலே. "ஒரு சுற்றுக்கு இது போதும்" என்றார். சுற்றினோம், ஒரு குறையும் தெரியவில்லை. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அப்புறம் டேங்கை நிரப்பினேன். மறுநாள் காலை கேபின் கதவைத் திறந்தால் பெட்ரோல் நெடி மூக்கில் அறைகிறது. போன் போட்டதற்கு, "பழைய படகென்றால் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்" என்கிறார்.

என்ன கொஞ்சம்? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே பறந்து போகாது. படகின் அடியில், பில்ஜில், தேங்கி நிற்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே வெடிக்க ஒரு பொறி போதும். அதனால்தான் ஸ்டார்ட் செய்யுமுன் புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடச் சொல்கிறது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. ஆனால் புளோயர் ஆவியைத்தான் வெளியே தள்ளும், ஒழுகுவதை நிறுத்தாது.

முதலில் போன பட்டறையில் கார்புரேட்டரைப் பிரித்துப் புதுப்பித்துவிட்டு பில்லை நீட்டினார்கள். நெடி அப்படியே இருந்தது. அடுத்த மெக்கானிக் ஸ்பானரைத் தொடுமுன் கேட்டார்: "இன்ஜின் ஓடும்போது வீசுகிறதா, டேங்க் நிறைந்திருக்கும்போது வீசுகிறதா?" நிறைந்திருக்கும்போது என்றால் கோளாறு பெரும்பாலும் டேங்கின் மேல்பக்கம்தானாம். பெட்ரோல் ஊற்றும் குழாய், காற்றுப்போக்கிக் குழாய், அளவு காட்டும் கருவியின் கேஸ்கட். டேங்க் காலியாக இருந்தால் பெட்ரோல் அதுவரை எட்டாது, வாடையும் அவ்வளவாக வராது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, எல்லா மூடியையும் திறந்து காற்றாட விட்டார். உலர்ந்த துணியால் ஒவ்வொரு குழாயாக அழுத்தித் துடைத்து முகர்ந்துகொண்டே போனார். பக்கப் பலகையைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. ஊற்றும் குழாய் வளைகிற இடத்தில் விரிசல், அதன்மேல் கறுப்பு டேப். சுற்றியுள்ளதெல்லாம் அழுக்கேறிக் கிடக்க, டேப் மட்டும் பளபளவென்று. பெட்ரோல் பட்டு இளகிய பசை விரலில் ஒட்டியது. விற்பதற்காகச் சுற்றியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? போதாததற்கு, இன்ஜினுக்குப் போகும் லைனும் கார் கடைக் குழாய். அந்த இடத்தில் 'ஏ1' என்று அச்சிட்ட, தீயை இரண்டரை நிமிடம் தாங்கும் படகுக் குழாய்தான் இருக்க வேண்டும்.

வாங்குமுன், பெட்ரோல் காசை நானே தருகிறேன் என்று சொல்லி முந்தின நாளே டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். இரவு முழுக்க மூடிவைத்து, காலையில் நீங்களே திறந்து முகருங்கள். எனக்கு விற்றவருக்கு டேப் படத்தை அனுப்பினேன், பதில் இல்லை. ஆனால் அதே நம்பரில் இன்னொரு படகை விற்பனைக்குப் போட்டிருக்கிறார், அதுவும் சொந்தப் படகாம்.