காட் ரோடு (மலைப்பாதை) மேல பழி போட்டு 15,600 ரூபாய் கறந்துட்டாங்க: முன் பிரேக் பேடு சீக்கிரம் தேயுதுன்னா படிச்சுட்டுப் போங்க

ஞாயித்துக்கிழமை நடந்தது. கோபம் இன்னும் இறங்கல, அதனால முன்னப்பின்ன எழுதியிருந்தா கண்டுக்காதீங்க. 15,600 ரூபாய் போச்சு. பணத்தைக்கூட விடுங்க. வால்பாறையில இருந்து பொண்டாட்டி புள்ளையோட இறங்கும்போது இடது முன் சக்கரத்துல புகை வந்துச்சு.

சர்வீஸ் பண்ணின கம்பெனி பேரைப் போடல. ஆப்புல புக் பண்ணினா வீட்டுக்கே ஆள் வந்து வண்டியை எடுத்துட்டுப் போய், வேலை பார்த்து, கழுவித் தொடைச்சுத் திரும்ப விட்டுட்டுப் போற வகை. அவ்வளவு போதும்.

என்னோடது எட்டு வருஷ சின்ன கார். பிரேக் முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். டிஸ்க்குங்கறது சக்கரத்தோட சுத்தற இரும்புத் தட்டு, அதை ரெண்டு பக்கமும் அமுக்கி நிறுத்தறதுதான் பேடு. பொங்கல் முடிஞ்சு 62,000 கிலோமீட்டர்ல சர்வீஸுக்குக் கொடுத்தேன். மத்தியானம் வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்துச்சு. கையுறை போட்ட ஒருத்தர் டிஸ்க் ஓரத்துல விரலை வெச்சு இழுத்துக் காட்டறாரு, "பாருங்க சார், விளிம்பு கட்டியிருக்கு, பேடும் முடிஞ்சுது. ஃபேமிலி போற வண்டி, ரிஸ்க் எடுக்காதீங்க." குரல்ல அப்படி ஒரு அக்கறை. இருபது வருஷமா தெரிஞ்ச ஆள்கூட என் குடும்பத்தைப் பத்தி அப்படிக் கவலைப்பட்டதில்லை. நான் மீட்டிங்ல இருந்தேன். கட்டைவிரல் தூக்கற பொம்மையை ஒண்ணு தட்டி விட்டேன்.

அந்தப் பொம்மையோட விலை 11,840 ரூபாய். டிஸ்க் ரெண்டு, பேடு ஒரு செட்டு, லேபர், வரி. நடுவுல ஒரு வரி: 'காலிப்பர் சர்வீஸ், பின் கிரீஸிங், 650'. காலிப்பர்ங்கறது பேடை அமுக்கற பாகம், பின்னு (pin) அது நகர்ற கம்பி. இந்த 650ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆறு மாச வாரண்டின்னு பில் அடியில கொட்டை எழுத்து.

4,100 கிலோமீட்டர் ஓடியிருக்கும். சித்திரை வெயில்ல ஒரு நாள் இடது பக்கம் கீச்சுன்னு சத்தம். பேடு தேஞ்சு தீரப்போகுதுன்னா அதுல இருக்கற சின்னத் தகடு டிஸ்க்குல உரசிக் கத்தும், அந்தச் சத்தம். எனக்கு அது தெரியும், ஆனா மூணு மாசத்துல எப்படித் தீரும்? கம்பெனி போட்ட முதல் செட்டு 40,000 தாண்டி வந்துச்சு.

போன் பண்ணினேன். "சார், நீங்க காட் ரோட்ல ஓட்டுவீங்களா?"

மாமியார் வீடு வால்பாறை. மாசம் ஒரு தடவை போறோம். பொய் சொல்லத் தெரியல, ஆமாங்கன்னு சொல்லிட்டேன். "அதான் சார். பிரேக் மேலயே கால் வெச்சு இறக்கினா பேடு நிக்காது. தேய்மானப் பொருளுக்கு வாரண்டி கிடையாது." நானும் நம்பினேங்க. என் காலைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் இறக்கத்துல எல்லாம் ரெண்டாவது கியர்லயே இறக்கினேன். மறுபடியும் பேடு, லேபர், 3,760. பழையதும் புதுசும் சேர்த்தா 15,600. கூட்டிப் பாருங்க.

அதுக்கப்புறம் வண்டி சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு, எனக்குத்தான் காது இல்லை. நேர் ரோட்டுல ஸ்டியரிங்கை லேசா விட்டா இடது பக்கம் இழுக்கும். மைலேஜ் குறைஞ்சுது. இடது முன் வீல் கப் மட்டும் நாலு நாளைக்கு ஒரு தடவை கரிப்புகை அடிச்ச மாதிரி கறுத்துப் போகும். வலது பக்கம் பளிச்சுனு இருக்கும். கழுவுற பையன்கூடக் கேட்டான், "ஏனுங்கண்ணா இது மட்டும் இப்படி?" நான் மண்ணுன்னு நெனச்சேன். பேடு தூள் அது.

ஞாயித்துக்கிழமை ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, லோம்ஸ் வியூ பாயிண்ட். புள்ளைக்கு ஆழியாறு டேமைக் காட்டலாம்னு நிறுத்தினோம். கதவைத் திறந்ததுமே வீட்டுக்காரி, "ஏனுங்க, ஏதோ கருகற வாசம்"ன்னா. இடது சக்கரத்துல மெல்லிசாப் புகை. நான் தண்ணி பாட்டிலை எடுத்துட்டு ஓடினேன். பக்கத்துல நின்ன வேன் டிரைவர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டாரு, "ஊத்தாதீங்க, டிஸ்க் விரிசல் விட்டுரும்." ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மிச்சத்தை முதல் கியர்ல ஊர்ந்து இறக்கினேன்.

அடிவாரத்துல ஒரு தகர ஷெட்டு. அம்பது வயசு தாண்டின ஒரு அண்ணன். ஜாக்கி போட்டுத் தூக்கி வீலைக் கையால சுத்தினாரு. அரைச் சுத்து வந்து நின்னுக்குச்சு. வலது வீல் லேசா உரசினாலும் தாராளமாச் சுத்துச்சு. அப்புறம் காலிப்பர்ல இருக்கற பிளீடர் நட்டைக் கொஞ்சம் திறந்து பிரேக் ஆயிலைச் சொட்ட விட்டு மறுபடி சுத்தினாரு. அப்பவும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. "ஆயில் வர்ற ஹோஸ் அடைச்சு ப்ரெஷர் நின்னிருந்தா இப்ப விட்டிருக்கும் தம்பி. விடல. காலிப்பர்தான் ஜாம்"ன்னாரு. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. ஆப்பு வெச்ச கம்பெனி ரெண்டு தடவை வண்டியை நாள் முழுக்க வெச்சிருந்துச்சு.

பேடைக் கழட்டி என் உள்ளங்கையில வெச்சாரு. வெளிப்பக்க பேடு பிஸ்கட் கனத்துக்கு அப்படியே இருக்கு. உள்பக்கத்துல மருந்தே (தேயற பாகம்) இல்லை, வெறும் இரும்புத் தகடு, நீலம் பாரிச்சுக் கிடக்கு. டிஸ்க்கோட உள்முகம் கொத்து போட்ட அம்மிக்கல் மாதிரி வரி வரியா. வெளிமுகம் கண்ணாடி. 

பேடை அமுக்கிப் பிடிக்கற காலிப்பர் ரெண்டு பின்னு மேலதான் முன்ன பின்ன நகரும். ஆயில் ப்ரெஷர்ல நகர்ற பிஸ்டன் உள்பேடை நேரா அமுக்கும், அந்த அமுக்கத்துல காலிப்பர் நகர்ந்து வெளிப்பேடை இழுக்கும். பின் துரு பிடிச்சா நகராது, திரும்பவும் வராது. உள்பேடு மட்டும் டிஸ்க்கை ஒட்டிக்கிட்டே ஓடும், நீங்க பிரேக் மிதிச்சாலும் மிதிக்காட்டியும். அந்த அண்ணன் சுத்தியால தட்டித்தான் பின்னை வெளிய எடுத்தாரு. மேல இருக்கற ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சு, உள்ள மழைத்தண்ணி போய், பின் முழுக்கச் செம்மண் நிறத்துல துரு. கிரீஸ்னு ஒரு பொட்டுகூட இல்லை.

650 ரூபாய்ங்க. பின் கிரீஸிங்.

"இதை ரொம்ப வருஷமா யாரும் தொடல தம்பி"ன்னு அவர் சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. தேஞ்ச பொருளை மாத்திக்கிட்டே இருந்தாங்க, தேய்க்கறதைப் பாக்கவே இல்லை. காட் ரோடுதான் காரணம்னா ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தானே தேயணும்? வலது பக்கம் ரெண்டு பேடும் 7 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கு! இடது மட்டும் தனியா வால்பாறை போயிட்டு வந்துச்சா?

உப்புத்தாள் போட்டு பின்னைத் தேச்சு, பொள்ளாச்சியில இருந்து ரப்பர் உறையும் பேடும் வரவெச்சு, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டாரு. சாதா கிரீஸ் வெச்சா ரப்பர் ஊதிக்கிட்டு மறுபடியும் பிடிக்குமாம். கூலி 450. டிஸ்க் கனத்தை வெர்னியர் அளவுகோல்ல அளந்து, டிஸ்க்லயே பொறிச்சிருக்கற குறைந்தபட்ச அளவைத் துடைச்சுக் காட்டி, வரி ஆழமா இருக்கறதால சீக்கிரம் ரெண்டு பக்கமும் மாத்திருங்கன்னு சொன்னாரு. அவர் ஷெட்டுல டீ வேற வாங்கிக் கொடுத்தாரு. அது வேற விஷயம்.

திங்கக்கிழமை கஸ்டமர் கேர். முதல்ல ஒரு பொண்ணு, "புரியுது சார், டிக்கெட் போட்டிருக்கேன், 24 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." கூப்பிடல. செவ்வாய் ஒரு பையன், "புரியுது சார், வெளியில வேலை பார்த்துட்டீங்க, அதனால வாரண்டி செல்லாது." புகை வர்ற வண்டியை ஆழியாறுல இருந்து கோயமுத்தூருக்குத் தோள்ல தூக்கிட்டு வரணுமா? மேனேஜர் லீவு. 650க்கு என்ன வேலை பார்த்தீங்க, ஒரு போட்டோ காட்டுங்கன்னு மூணு தடவை கேட்டேன். டிஸ்க்குக்கு வீடியோ இருக்கு, பின்னுக்கு ஒரு படம்கூட இல்லை. நேத்து சாயங்காலம் மெசேஜ்: சிரமத்துக்கு வருந்தறோம், அடுத்த சர்வீஸுக்கு 500 ரூபாய் கூப்பன். டிக்கெட்டை மூடிட்டாங்க. 15,600 போனவனுக்கு 500, அதுவும் அவங்ககிட்டயே போய்ச் செலவு பண்ணணும்.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குப் போன் போட்டு புகார் பதிஞ்சுட்டேன். பில், வீடியோ, அந்த ரெண்டு பேடு, கிழிஞ்ச ரப்பர் உறை எல்லாம் கவர்ல போட்டு பீரோல வெச்சிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போறதா இருக்கேன்.

எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. அவசரத்துக்கு இவ்வளவு: பழைய பேடை நாலையும் கேட்டு வாங்குங்க, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே கனமா பாருங்க. ஒரு சக்கரம் மட்டும் தேஞ்சா புதுப் பேடுக்குப் பணம் கட்டாதீங்க, பின்னையும் பிஸ்டனையும் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. ஓட்டி நிறுத்தினதும் சக்கரத்துக்குப் பக்கத்துல கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, ஒண்ணு மட்டும் அனலடிச்சா விடாதீங்க. தொட்டுராதீங்க, சுட்டுரும். மீட்டிங்ல இருக்கும்போது கட்டைவிரல் பொம்மை அனுப்பாதீங்க.

கூப்பன் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க. மாசக் கடைசி வரைக்கும் செல்லும்.