பம்ப் தங்கம், சிக்னல் ஒயர்தான் தலைவலி

ஓமலூர் மச்சான் போன் பண்ணியிருந்தார். நீச்சல் குளத்துக்கான, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வேரியபிள் ஸ்பீட் பம்ப் விலை இறங்கியிருக்கிறதாம். "உங்ககிட்டதான் ஓடுதே மாப்ள, வாங்கலாமா?" என்றார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

பம்பைக் குறை சொல்ல மனசே வராது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் ஹோம்ஸ்டே. பழைய பம்ப் போட்டால் அதன் இரைச்சல் மேல் அறை வரைக்கும் கேட்கும். இது மெதுவாக ஓடும்போது பக்கத்தில் நின்று பேசலாம். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் வரத்தும் பாதியாகும், ஆனால் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்காக இறங்கும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் கால்வாசிதான். நடைமுறையில் அவ்வளவு வராது, இருந்தாலும் கரண்ட் பில் கையில் வரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

என் கோபமெல்லாம் "கம்யூனிகேஷன் எரர்" என்கிற ஒற்றை வரியின் மேல். வீட்டுக்குள் இருந்து சிக்னல் ஒயர் வழியாகப் பம்பை இயக்கும் கன்ட்ரோலர் அதைக் காட்டிய கொஞ்ச நேரத்தில் பம்ப் நின்றுவிடும். மூடுபனி இறங்கும் விடியற்காலையில் வரும், வேகம் கூட்டினாலும் வரும். மே மாசக் கூட்டத்தில், விருந்தாளிகள் இருக்கும்போது குளத்துத் தண்ணீர் கலங்கி நின்றால் எப்படி இருக்கும்?

கம்பெனி சர்வீஸ்காரர் வந்தார். இணைப்புப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, "போர்டு போயிருச்சு, மாத்தணும்" என்று பெரிய தொகையைச் சொன்னார். பம்பின் மேலேயே உள்ள பட்டனில் போட்டால் எல்லா வேகத்திலும் ஒழுங்காக ஓடுகிறதே, அப்புறம் எப்படி மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் போர்டு கெட்டுப்போகும்? இதற்கு அவரிடம் பதில் இல்லை.

சேலத்தில் நூல் மில் டிரைவ்களைப் பார்க்கும் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பெட்டி மூடியைக் கழற்றியதும், "இங்க பாருங்க சார்" என்று டார்ச் அடித்தார். உள்பக்கமெல்லாம் வியர்த்திருந்தது. சிக்னல் ஒயர் மாட்டும் 'பி' முனையில் செம்பு பச்சை பூத்து, இழை இழையாக உதிர்ந்தது. கேபிள் நுழையும் கிளாண்டை மேல்பக்கமாக வைத்திருந்தார்கள், பனி உள்ளே இறங்க அதுவே வழி. அதோடு சிக்னல் ஒயரும் பம்புக்குப் போகும் கரண்ட் கேபிளும் ஒரே பைப்பில்.

கன்ட்ரோலரும் பம்பும் பேசிக்கொள்ளும் ஆர்எஸ்-485 என்ற இணைப்பில் 'ஏ', 'பி' என்ற இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசம்தான் செய்தி. 0.2 வோல்ட் வித்தியாசமே போதும். அவை ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால் வெளியிலிருந்து வரும் நாய்ஸ், அதாவது மின் தொந்தரவு, இரண்டிலும் சமமாக ஏறி, கழிந்துவிடும். எங்களுக்குப் போட்டிருந்தது முறுக்கில்லாத சாதா ஒயர். டிரைவ் கிளப்பும் நாய்ஸ் அதில் நேராக ஏறியிருக்கிறது. சிக்னல் எதிரொலிக்காமல் இருக்க ஒயரின் கடைசியில் போடும் 120 ஓம் ரெசிஸ்டரைப் பற்றிக் கேட்டேன். "இந்தத் தூரத்துக்கும் இந்த டேட்டா வேகத்துக்கும் அது பெரிய விஷயமில்லீங்க" என்றார்.

எதையும் மாற்றும் முன், நாய்ஸைத் தடுக்கும் ஷீல்டு உறை போட்ட முறுக்கு கேபிள் ஒன்றைத் தரையிலேயே தனியாக இழுத்து மாட்டினார். பம்பை முழு வேகத்துக்கு ஏற்றினோம். எரர் இல்லை. மறுநாள் அடர்ந்த பனியிலும் இல்லை. பிறகுதான் தனிப் பைப், கீழ்நோக்கிய கிளாண்ட், ஷீல்டுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். போர்டுக்குச் சொன்ன தொகையில் சிறு பங்குகூட ஆகவில்லை.

வாங்குகிறவர்கள், சிக்னல் கேபிள் தனிப் பைப்பில் போவதைக் கண்ணால் பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். பம்புக்கு அஞ்சுக்கு நாலரை மார்க் தாராளமாகத் தருவேன். ஆனால் குழந்தைகளுக்காகக் கட்டும் சின்னக் குளத்துக்கு இதை வாங்கவில்லை. சாதாரண ஒற்றை வேகப் பம்புக்கு நேற்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சத்தம் போட்டால் போடட்டும், இன்னொரு விடியற்காலை அந்த வரியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.