அயினிப் பலகையும் நான்கு மூட்டை விறகும்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற அயினி மரம் சாய்ந்தது. ரப்பர் மரங்களோடு சேர்த்து அதையும் விறகாக வெட்டிக் கொடுத்துவிட்டோம். வள்ளம் செய்கிற மரம் அது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த ஆண்டு மகளுக்குப் படிக்க மேசை வேண்டியிருந்தது. கடைகளில் பார்த்தவை பெரும்பாலும் மரத்தூளை ஒட்டிச் செய்தவை. ஆனி மழையும் ஐப்பசி மழையும் பெய்கிற ஊரில் அவை ஊதிப்போகும். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் ஆசாரிதான் குமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் சாலையில் இருக்கும் பழைய மரக்கடையைச் சொன்னார். பெயர்ப்பலகை கிடையாது. பிரித்த ஓட்டு வீடுகளின் கழுக்கோல் என்கிற கூரைச் சட்டம், உத்தரம், கதவு நிலை, மச்சுப் பலகை எல்லாம் தகரக் கொட்டகைக்குள் மரவாரியாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

நான் முதலில் எடுத்த பலகையைக் கடைக்காரர் வாங்கி ஓரத்தைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். “இது வேண்டாம் மக்களே, வெள்ளை கூடுதல். உளுத்துவிடும்” என்றார். வயிரம் ஏறாத வெளிமரத்தைத்தான் வெள்ளை என்கிறார்கள். தட்டியதும் மாவு போலத் தூள் உதிர்ந்தது. பிறகு அவரே உள்ளேயிருந்து இரண்டு அயினிப் பலகைகளை இழுத்துப் போட்டார். ஆறடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். கரி படிந்து கறுத்திருந்தது. சுரண்டிய இடத்தில் மட்டும் பொன்னிறம். ஒரு தலைமுறைக்கு மேல் கூரைக்கடியில் காய்ந்த மரம், இனி வளைய அதில் ஈரம் இல்லை. கன அடி 1,200 ரூபாய் வீதம் ஒன்றரை கன அடிக்கு 1,800 கொடுத்தேன். கால்களுக்குக் கழுக்கோல் தனி.

இரண்டு குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கழுக்கோலின் அழுகிய நுனியையும் சேர்த்தே அளந்தார்கள். நான் கேட்ட பிறகுதான் கழித்தார்கள். பலகைக்குள் புதைந்திருந்த ஆணி ஒன்றை அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அறுப்பு மில்லில் வாளின் பல் உடைந்து, அதற்கு 300 ரூபாய் கட்டினேன். போகிறவர்கள் ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பலகையின் இரண்டு முகத்திலும் தடவிப் பாருங்கள்.

விறகு விஷயத்தில் இந்தக் கடையைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துளை விழுந்த கட்டை, ஒரு முழத்துக்குக் குறைந்த துண்டு, பிளந்த பட்டியல் சட்டம் இவைதான் விறகுக்குப் போகின்றன. நல்ல மரத்தை விறகு விலைக்குக் கேட்டாலும் தரமாட்டார்கள். பெயிண்ட் அடித்த கட்டைகளையும் ஒட்டுப் பலகைகளையும் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதை அடுப்பில் வைக்கக் கூடாது. சாம்பலைத் தென்னைக்குப் போடுகிற எங்களுக்கு இது பெரிய காரியம். நான்கு மூட்டை வாங்கினேன். நன்றாகக் காய்ந்திருந்ததால் கண்ணீர் வராமல் குளிக்க வெந்நீர் கொதிக்கிறது.

மேசை வந்து மூன்று மாதமாகிறது. ஆசாரி இழைத்து மெழுகு மட்டும் தேய்த்தார். ஆணி இருந்த துளையை அடைக்க வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள், பேனாவை அதில்தான் நிறுத்தி வைக்கிறாள்.

அடுத்த மாதம் பிலா மர நிலை ஒன்று வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுக்களைக்கு அதை எடுக்க 500 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.